நாற்பத்தெட்டு நாள் விரதம்

அந்தப் பொய்யை எனக்குச் சொல்லித் தந்தவரும் அது பொய் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னவரும் ஒரே ஆள்தான். பக்கத்து மேசை அக்கா. இதை எழுத உட்கார்ந்தபோது, பொய் சொன்னவள் நான், முதலில் என்னைப் பற்றியல்லவா எழுத வேண்டும் என்று தோன்றியது. அப்படித் தோன்றித் தோன்றித்தான் இத்தனை நாளாக அவர்மேல் ஒழுங்காகக் கோபப்படக்கூட முடியாமல் இருக்கிறேன். நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

எங்கள் அலுவலகம் கொட்டாஞ்சேனையில், ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. துறைமுகத்துக்கு வரும் சாமான்களுக்குச் சுங்கப் பத்திரம் தயாரித்து, கொன்டெய்னரை வெளியே எடுத்துக் கொடுக்கும் வேலை. ஆறு பேர் இருக்கிறோம். பத்திரங்கள் எனக்கும் அக்காவுக்கும். கப்பலுக்கு நேரம் காலம் இல்லை என்பார் முதலாளி. அதனால் எங்களுக்கும் இல்லை. பஸ்ஸில் நிற்கும்போது அழைப்பார். பிள்ளைக்குச் சோறு தீத்தும்போது வட்ஸ்அப்பில் ஒரு பத்திரத்தின் படம் வரும், கீழே ஒரு கேள்விக்குறி மட்டும் இருக்கும். பதில் போட ஐந்து நிமிடம் பிந்தினால் இன்னொரு கேள்விக்குறி.

அவருக்கு மட்டும் ஒரு நேரம் இருந்தது. இரவு ஏழரைக்கு வீட்டில் எல்லோரும் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வார்கள். அந்த அரை மணித்தியாலம் கப்பல் கவிழ்ந்தாலும் அவரை யாரும் அழைக்கக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குச் சொல்லப்பட்ட விதிகளில் இதுவும் ஒன்று. அதை நானும் மதித்தேன். கொஞ்சம் பொறாமையோடு.

மகனுக்கு அப்போது இரண்டே முக்கால் வயது. அவனிடம் பதினொரு சொற்கள் இருந்தன. ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். அதில் மூன்று சிங்களம். பகலில் அவனைப் பார்த்துக்கொள்ளும் கீழ் வீட்டு அம்மாவிடம் எடுத்தவை. எதைக் கொடுத்தாலும் தலையைத் திருப்பி ‘எப்பா’ என்பான். ‘வேண்டாம்’ என்று அவன் சொல்லி நான் கேட்டதில்லை. வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் அவன் வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர், மின்தூக்கிக்குள் முழு வசனத்தில் என்னைக் கேள்வி கேட்பார்கள். நான் பதில் சொல்லிக்கொண்டே அவன் முகத்தைப் பார்ப்பேன்.

பம்பலப்பிட்டியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஒரு பெண்ணிடம் அவனைக் கூட்டிப் போனோம். என்னைவிட வயதில் குறைந்தவர்.

“வீட்டில பிள்ளையோட என்ன மொழி கதைக்கிறனீங்கள்?”

நான் தமிழ், கணவர் பாதிக்கு மேல் இங்கிலிஷ், கீழ் வீட்டில் சிங்களம் என்று சொல்லச் சொல்ல எனக்கே அது வாக்குமூலம் போலக் கேட்டது.

“மூண்டு மொழியால ஒண்டும் இல்லை அம்மா. போனை வைச்சிட்டு இவரோட ஆர் கதைக்கிறது? அதைச் சொல்லுங்கோ.”

கணவர் கையிலிருந்த போனைப் பைக்குள் வைத்தார்.

அந்தப் பெண் ஒரு தாளில் எழுதித் தந்தார். ஒவ்வொரு நாளும் ஒரு மணித்தியாலம். தரையில், பிள்ளையின் கண்மட்டத்தில் இருந்து. ரிவி இல்லை, போன் இல்லை. அவன் பார்ப்பதற்குப் பெயர் சொல்ல வேண்டும், அவன் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். நாள் தவறக் கூடாது. மூன்று வயதுக்குள் செய்வதற்குத்தான் பலன் கூட என்றார். நான் விரல்விட்டுப் பார்த்தேன். மூன்று மாதம் இருந்தது.

கணவர் வீட்டுக்கு வர எட்டாகும். நான் ஆறுக்கு வருவேன். ஆறரை தொடக்கம் ஏழரை வரை என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டேன். அதே நேரத்தில்தான் துறைமுகத்திலிருந்து அன்றைய கடைசிக் கேள்விகள் எல்லாம் வரும்.

உண்மையைச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். மகப்பேற்று லீவு முடிந்து வந்த நாளிலிருந்து, நான் எப்போது ‘பிள்ளை’ என்று வாயைத் திறப்பேன் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதாக எனக்கு ஓர் எண்ணம். இன்னொன்று, ‘பேச்சு வராத பிள்ளை’ என்ற ஒரு பெயர் அவனுக்கு விழுந்துவிட்டால், அவன் பேசத் தொடங்கிய பிறகும் அது போகாது என்ற பயம். அதனால் அக்காவிடம் மட்டும் சொன்னேன். சாப்பாட்டு நேரத்தில், மற்றவர்கள் கீழே போயிருந்தபோது.

அக்கா மலையகத்து ஆள். கலியாணம் முடித்துக் கொட்டாஞ்சேனைக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். பேச்சு மட்டும் இன்னும் ஊர்ப் பேச்சுத்தான். கேட்டுவிட்டுச் சாப்பாட்டை ஒதுக்கி வைத்தார்.

“புள்ளன்னு சொல்லாத. புள்ளன்னா, வீட்டுல வேற ஆளு இல்லயான்னு கேப்பாரு.”

“அப்ப என்னத்தச் சொல்லுறது?”

“சாமின்னு சொல்லு. சாயங்காலம் விரதப் பூசைன்னு சொல்லு. அவரு முட்டி போடுற மனுஷன், சாமிக்கு இல்லன்னு சொல்ல மாட்டாரு.”

“பொய்யெல்லோ அக்கா?”

“வெளக்கு ஒண்ண ஏத்தி வச்சிட்டு புள்ளயோட ஒக்காரு. பூசையாப் போயிரும்.”

அது எனக்குப் பிடித்திருந்தது. அப்படியென்றால் முழுப் பொய்யில்லை என்று என்னால் நினைத்துக்கொள்ள முடிந்தது.

பின்னேரம் முதலாளியின் மேசைக்கு முன்னால் போய் நின்று சொன்னேன். “சேர், நான் ஒரு விரதம் பிடிக்கிறன். ஆறரையில இருந்து ஏழரை வரைக்கும் பூசையில இருப்பன். போன் எடுக்க ஏலாது.”

கண்ணாடியைக் கழற்றினார். “நல்லது மகள். எத்தனை நாள்?”

அதை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது, “நாற்பத்தெட்டு.”

“எங்கட தவக்காலத்தை விட எட்டு நாள் கூட,” என்று சிரித்தார். “பிடியும். கடவுள் விஷயம். ஒருத்தரும் தொந்தரவு செய்ய மாட்டினம்.” அப்போதே அலுவலக வட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் செய்தி போட்டார்.

வெளியே வந்ததும் அக்கா தலையில் கையை வைத்தார். “நாப்பத்தெட்டா? நடுவுல அந்த மூணு நாளு வந்தா என்னா செய்வ? தொடர்ந்து நாப்பத்தெட்டு நாளு பூசை பண்ற பொம்பளய நான் பாத்ததே இல்ல.”

ஒரு சைவப் பிள்ளை செய்யக் கூடாத பிழை அது.

“பயப்படாத. அவரு வேதக்காரரு. அவருக்கு எங்க தெரியப்போவுது,” என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன்.

அன்றிலிருந்து ஆறரைக்கு போனின் சத்தத்தை நிறுத்திச் சமையலறை அலுமாரிக்குள் வைத்தேன். சாமித் தட்டில் விளக்கை ஏற்றினேன். பிறகு தரையில் அவனோடு. முதல் வாரம் இரண்டு பேருக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. நான் “கார், கார்” என்பேன், அவன் காரை என் முழங்காலில் ஓட்டுவான். என் கை அடிக்கடி போனைத் தேடும். இரண்டாம் வாரம் ஜன்னலுக்கு வெளியே ரயில் போனபோது, நான் ஒன்றும் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தேன். அவன் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பி “ரெயில்” என்றான். கொப்பியில் எழுதினேன்.

முதலாளி என் விரதத்தை என்னைவிடக் கவனமாகக் காத்தார். மத்தியானம் எங்கள் எல்லோருக்கும் சோற்றுப் பார்சல் ஒரே கடையிலிருந்து வரும். “அவவுக்கு மரக்கறி, வேற கரண்டியால போடச் சொல்லு,” என்று அவரே கடைக்கு அழைத்துச் சொல்வார். யாரோ ஒருவரின் பிறந்தநாளுக்கு வாங்கிய கேக்கில் முட்டை இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, எனக்குத் தனியாக வாழைப்பழம் வாங்கி வைத்தார். நான் மீன் இல்லாமல் சோறு இறங்காத ஆள். முப்பது நாள் பருப்பும் பூசணியும் சாப்பிட்டேன். அதையும் விரதம் என்றுதான் எண்ணிக்கொண்டேன்.

மூன்றாம் வாரம் ஒரு காலை, மற்றவர்கள் வருமுன் என் மேசைக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து மடித்த துண்டொன்றை எடுத்தார்.

“மகள், எங்கட வீட்டுக்காரிக்கு இருதயத்தில ஒரு ஒப்பரேஷன் சொல்லியிருக்கு. உங்கட பூசையில பேர் சொல்லேக்க நட்சத்திரமும் கேப்பாங்களாமே. இவவுக்கு அதெல்லாம் தெரியாது. பேரும் பிறந்த திகதியும் எழுதியிருக்கிறன். அது காணுமா?”

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “காணும் சேர்,” என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

அந்தத் துண்டைச் சாமித் தட்டில் வைத்தேன். ஒவ்வொரு நாளும் விளக்கேற்றியதும் அந்தப் பெயரையும் திகதியையும் வாய்விட்டு வாசித்தேன். சுகமாக வர வேண்டும் என்று உண்மையாகவே கேட்டேன். அதற்குப் பிறகுதான் தரையில் உட்கார்ந்தேன். கணவரிடம் சொன்னபோது, “நீர் இப்ப உண்மையாவே பூசாரி ஆகிட்டீர்,” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்காவிடமும் சொன்னேன். அக்கா பத்திரத்தில் முத்திரை குத்திக்கொண்டே இருந்தார்.

முப்பத்தோராம் நாள் ஒரு வெள்ளிக்கிழமை. சனி, ஞாயிறு, திங்கள் பௌர்ணமிப் போயா என்று நீண்ட விடுமுறை வந்தது. ஒருகொடவத்தை யார்ட்டில் நின்ற ஒரு கொன்டெய்னர் அன்று பின்னேரம் வெளியே வர வேண்டும். கப்பல் கம்பனியின் கடிதத்திலிருந்த ஓர் எண்ணை யார்ட்டில் கேட்பார்கள். நான் நாலரைக்குக் கிளம்புமுன் அந்த எண்ணை மஞ்சள் துண்டில் எழுதி அக்காவின் கணினியில் ஒட்டினேன். ஒட்டினேன் என்றுதான் நினைவு. “அக்கா, நம்பர் இதில இருக்கு” என்று சொன்னதும் நினைவிருக்கிறது. அவர் தொலைபேசியில் இருந்தார், தலையாட்டினார். எனக்காகத்தான் ஆட்டினாரா என்று இப்போது தெரியவில்லை.

ஏழரைக்கு போனைத் திறந்தபோது பதினான்கு தவறிய அழைப்புகள் இருந்தன. எல்லாம் அக்கா. கடைசியில் அவருடைய ஒரு செய்தி, நம்பர் கிடைக்கவில்லை, யார்ட் மூடிவிட்டது என்று. கொன்டெய்னர் செவ்வாய்க்கிழமை வரை உள்ளேயே நின்றது. அக்காவைத் திருப்பி அழைத்தேன், எடுக்கவில்லை. முதலாளி அழைக்கவே இல்லை. அந்த மூன்று நாளும் மகனோடு தரையில் இருந்தபடி போன் அடிக்கிறதா என்றே கேட்டுக்கொண்டிருந்தேன்.

செவ்வாய் மத்தியானம் பார்சல்கள் வந்தன. என் மேசையில் வைத்ததைப் பிரித்தேன். சோற்றின் மேல் ஒரு பெரிய மீன் துண்டு, குழம்போடு.

கடைக்காரரின் பிழை என்று முதலில் நினைத்து எழும்பினேன். முதலாளியின் அறைக் கதவு திறந்திருந்தது. அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் பார்சலைப் பிரிக்கத் தொடங்கினார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார். அப்போது எனக்கு விளங்கிவிட்டது.

அந்த மீனைச் சாப்பிடுவதா, வைப்பதா? சாப்பிட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும். வைத்தால் இன்னும் நடிப்பதாகிவிடும். பார்சலை அப்படியே மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மூன்று மணிக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

“கொன்டெய்னர் நிண்டதுக்குக் கோபமில்லை. அது நடக்கிறது. வெள்ளிக்கிழமை நான் அவவை ஏசினனான். பூசைக்கு முதலே ஏன் உங்களைக் கேக்கேல்லை எண்டு கேட்டன். ‘அவ பூசையில இல்ல சேர், புள்ளயோட வெளாடுறா, பூசையே கெடயாது’ எண்டு சொன்னா.” கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். “நான் உங்களிட்ட என்ட மனுஷியிட பேரைத் தந்தனான்.”

“சேர், நான் அந்தப் பேரை ஒவ்வொரு நாளும்...”

“அந்தத் துண்டை நாளைக்குக் கொண்டுவந்து தாங்க.”

‘மகள்’ என்ற சொல் அந்தப் பேச்சில் ஓரிடத்திலும் வரவில்லை.

தேத்தண்ணி போடும் சின்ன அறையில் அக்கா தனியாக நின்றார். நான் உள்ளே போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

“ஏனக்கா?”

“அவரு காது கிழியக் கத்துறாரு. நான் என்னா சொல்ல?”

“போன் எடுக்கேல்லை எண்டு மட்டும் சொல்லியிருக்கலாமே.”

அக்கா கோப்பையைக் கழுவினார். கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினார்.

“எம் மகளுக்கு அம்மை போட்டப்ப மூணு நாளு லீவு கேட்டேன். வீட்டுல வேற ஆளு இல்லயான்னு கேட்டாரு. பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்து இதே மேசையில ஒக்காந்து டைப் அடிச்சேன். நீ ஒரு மணி நேரம் கேட்ட. அவரு மரக்கறிச் சோறும் சேத்துக் குடுத்தாரு.”

“அப்ப ஏன் எனக்குச் சொல்லித் தந்தனீங்கள்?”

“நடக்காதுன்னு நெனச்சேன்.”

சாதாரணமாகச் சொன்னார், சீனி முடிந்துவிட்டது என்பதைப் போல. என் பிள்ளையின் பதினொரு சொல்லையும் இவரிடம்தானே வரிசையாகச் சொன்னேன் என்ற நினைவு மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ரெயில் என்று சொன்ன மறுநாள் எனக்கு முன்னால் ஓடிவந்து “என்னா சொன்னான் இன்னிக்கி?” என்று கேட்டவரும் இவர்தான். அதுவும் பொய்யா? இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

மறுநாள் அந்தத் துண்டை முதலாளியிடம் கொடுத்தேன். விளக்கின் எண்ணெய் பட்டு ஒரு மூலை கறுத்திருந்தது. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். அதோடு பம்பலப்பிட்டியில் எழுதித் தந்த தாளையும் அவர் முன்னால் வைத்தேன். இரவு முழுக்கப் பாடமாக்கிய வசனத்தைச் சொன்னேன்.

“சேர், என்ட மகன் வயசுக்கேத்த மாதிரிக் கதைக்கிறான் இல்லை. அவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் வேணும். பொய் சொன்னது பிழை. ஆனா அந்த நேரம் நான் போன் எடுக்க மாட்டன். இனியும் எடுக்க மாட்டன்.”

வேலை போனால் வாடகை, வங்கிக் கடன் என்று கணவரோடு இரவே பேசியிருந்தேன். “சொல்லும், பாப்பம்,” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

முதலாளி தாளை இரண்டு தரம் வாசித்தார்.

“இதை முதலே சொல்லியிருந்தா நான் வேண்டாமெண்டு சொல்லுவனா?”

பக்கத்து வீட்டில் அம்மையோடு விடப்பட்ட பிள்ளையைப் பற்றிச் சொல்லலாமா என்று நினைத்தேன். அது நான் சொல்ல வேண்டிய கதையில்லை என்று விட்டேன். சொல்லியிருக்கலாமோ என்று வழமைபோல் பிறகு நினைத்தேன்.

அவர் எழும்பிக் கதவுக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். “இனி அஞ்சரைக்குப் பிறகு வாற கோல் ஒண்டும் இவவுக்குப் போக வேண்டாம். எல்லாத்தையும் அவ எடுப்பா.” அக்காவைக் காட்டினார். “அவ இங்கதானே, கொட்டாஞ்சேனையில. தேவையெண்டா நடந்தே வந்திடலாம்.”

நான் கேட்டது ஒரு மணித்தியாலம். கிடைத்தது முழுப் பின்னேரம். அது எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதை அந்த அறையில் இருந்த எல்லோரும் கண்டார்கள்.

அக்கா “சரி சேர்” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். கோபமாக அல்ல. நான் ஏதாவது சொல்வேனா என்று பார்த்தார். ‘சேர், மாறி மாறி எடுக்கிறம், ஒரு நாள் நான், ஒரு நாள் அவ’ என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த வசனம் முழுதாக என் வாய்வரை வந்தது. நடக்காதுன்னு நெனச்சேன் என்ற அவருடைய குரலும் கூடவே வந்தது. நான் குனிந்து கணினியைப் பார்த்தேன்.

மகனுக்கு இப்போது மூன்று வயதாகி இரண்டு மாதம். கொப்பியில் சொற்களை எழுதுவதை நிறுத்திவிட்டேன், எழுதி முடியவில்லை. ‘அம்மா இங்க இரு’ என்கிறான். நான் எழும்பப் போனால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறான். பம்பலப்பிட்டிப் பெண் நல்ல முன்னேற்றம் என்கிறார். முதலாளியின் மனைவிக்கு ஒப்பரேஷன் சரியாக நடந்தது என்று கேள்விப்பட்டேன். அவர் எனக்கு நேரில் சொல்லவில்லை.

அக்காவின் மகள் இப்போது ஒரு கடையில் வேலை செய்கிறாள். ஏழு மணிக்கு வீட்டுக்கு வருவாள், இரண்டு பேரும் ஒன்றாக நின்று சமைப்பார்கள் என்று முன்னொரு காலம் அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறார். சில நாட்களில் அந்த நேரத்தில் என் போனில் அவருடைய அழைப்பு விழுந்திருக்கும். நான் செய்த பத்திரத்தில் ஏதாவது விளங்காமல் இருந்திருக்கும். போன வியாழன் இரண்டு இருந்தன. அப்போது ஏழு நாற்பது. மகன் கார்களை அடுக்கிக்கொண்டிருந்தான், என் ஒரு மணித்தியாலம் முடிந்து பத்து நிமிடமாகியிருந்தது. திருப்பி அழைத்தால் இரண்டு நிமிட வேலை. போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பெயரைப் பார்த்தேன். பிறகு அதை அலுமாரிக்குள் வைத்துவிட்டு அவனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.